ஊருக்கு கொன்ட்ரோலர் சார்ஜிங் டொக் கொண்டுபோகிறவர்களுக்கு

கோடை விடுமுறைக்கு கனடாவிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பிள்ளைகள் மச்சான்மாரோடு பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் விளையாட தங்கள் கொன்ட்ரோலரையும் எடுத்துவருவார்கள். விடுங்கள், கொண்டுவரட்டும். ஒன்றாக உட்கார்ந்து விளையாடினால் இரண்டு நாளில் கூச்சம் போய் தமிழிலேயே சண்டை பிடிப்பார்கள், எனக்கு அது பெரிய விஷயம்.

டொக் என்பது கொன்ட்ரோலரை வைத்து சார்ஜ் போடும் தாங்கி; பெட்டி கட்டும்போதே அதன் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். கனடாவில் 120 வோல்ட், இலங்கையில் 230. பொடி எழுத்தில் 100–240 வோல்ட் என்று இருந்தால் பின்னை ஊர் பிளக்குக்குப் பொருத்தும் ஒரு பிளக் மாற்றி மட்டும் போதும், 120 என்று மட்டும் இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம். புது வீடுகளில் லண்டன் மாதிரி சதுர மூன்று பின், அம்மம்மா வீடு மாதிரிப் பழைய வீடுகளில் உருண்டை மூன்று பின், அதனால் இரண்டுக்கும் பிளக் மாற்றிகளை எடுத்து வையுங்கள். பிளக் மாற்றி இல்லையென்று மேல் துளைக்குள் பேனாவைக் குத்தி இரண்டு பின் பிளக்கைச் செருகுவதை ஊரில் பார்ப்பீர்கள், தயவுசெய்து பிள்ளைகளைச் செய்ய விடாதீர்கள்.

போன முறை என் மகன் இரவு இரண்டு கொன்ட்ரோலரையும் டொக்கில் வைத்துவிட்டுப் படுத்தான், காலையில் இரண்டும் செத்துக் கிடந்தன. ஊரில் சுவரிலுள்ள பிளக்கில் சுவிட்ச் இருக்கிறது, அதைப் போட்டால்தான் கரண்ட் வரும், கனடாவில் பிறந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? வைத்ததும் 'கிளிக்' என்று உட்கார்ந்து, டச்பேடின் ஓரத்தில் செம்மஞ்சள் வெளிச்சம் மெதுவாக மின்னுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜ் தீர்ந்த கொன்ட்ரோலர் முழுதாக ஏற சுமார் மூன்று மணி நேரம் போகும். 30 டிகிரிக்கு மேல் சூட்டில் சார்ஜ் போடுவது பற்றரிக்கு நல்லதல்ல, ஆகவே மத்தியான வெயிலில் ஜன்னலோரம் வேண்டாம், இரவில் ஃபான் காற்றில் போடுங்கள். இடி மின்னல் என்றால் பிளக்கையே கழற்றிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, டொக்கில் சார்ஜ்தான் ஏறும், மாமா வீட்டு பிஎஸ்5-உடன் கொன்ட்ரோலர் சேராது. அதற்கு யூஎஸ்பி-சி கேபிளால் இணைத்து நடுவிலுள்ள பிஎஸ் பட்டனை அழுத்த வேண்டும். சார்ஜுக்கு மட்டுமான மலிவுக் கேபிள் இதற்கு உதவாது, பிஎஸ்5 வாங்கியபோது அதனோடு வந்த கேபிளையே எடுங்கள். கொன்ட்ரோலரைக் கைப்பையில் வையுங்கள், பவர் பாங்க் இருந்தால் அது கட்டாயம் கைப்பையில்தான். திரும்பி வந்ததும் வீட்டு பிஎஸ்5-இலும் அதே கேபிளால் ஒருதரம் இணைத்துவிடுங்கள்.