டிவி பக்கத்துல வெக்கிற கம்ப்யூட்டருக்கு சத்தமில்லாத கிராபிக்ஸ் கார்டு

படம் பாக்கறதுக்கு மட்டும் கம்ப்யூட்டர் வெக்கிறீங்கன்னா ஃபேனே இல்லாம ஹீட்சிங்க் (சூட்ட வெளிய விடற உலோகத் தகடு) மட்டும் இருக்கற கார்டா பாத்து வாங்குங்க, என்விடியா ஜிடி 1030ல அப்படி வருது. அதுக்கும் முன்னாடி கார்டு வேணுமான்னே ஒருக்கா பாத்துருங்க, இன்டெல் ப்ராசஸர் 7வது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ இருந்து பேர்க் கடைசில எஃப் (உள்ளயே கிராபிக்ஸ் இல்லீன்னு அர்த்தம்) இல்லீன்னா பெரும்பாலும் 4கே படம் அதுலயே ஓடிரும், காசு மிச்சமுங்க. மதர்போர்டுல இருக்கற எச்டிஎம்ஐ (டிவிக்கு போற வயர் சொருகற எடம்) 1.4ஆ இருந்தா மட்டும் 4கே 30 ஹெர்ட்ஸோட, அதாவது நொடிக்கு 30 படத்தோட நின்னுரும், சினிமாவுக்கு அது போதும், 60 வேணும்னா கார்டு போடலாம்.

சுருக்கி வெச்ச வீடியோவ விரிக்கறதுக்குன்னு (இதத்தான் டிகோட்ன்னு சொல்றது) சிப்புக்குள்ளயே தனி பகுதி இருக்குதுங்க, கேம் ஆடற அளவுக்கு பவர் தேவையே இல்ல. ஜிடி 1030 முழுசா ஓடுனாலும் 30 வாட்ஸ்தான், ஹீட்சிங்க் தாங்கிரும். சின்ன ஃபேன்தான் கிய்யுனு கத்தும், அதுவும் நம்ம திருப்பூர் பல்லடம் பக்கம் பஞ்சு படிஞ்சா சீக்கிரம் சத்தம் போட ஆரம்பிச்சுரும், ஃபேனே இல்லீன்னா அந்தத் தொல்லையே இல்ல பாருங்க.

கேம், வீடியோ எடிட்டிங்குக்கு இது ஆகாது. ஏவி1ங்கற புது வகை வீடியோவும் ஜிடி 1030 டிகோட் பண்ணாது, அது வேணும்னா எஃப் இல்லாத இன்டெல் 11வது ஜெனரேஷன் கோர் ப்ராசஸருக்குப் போயிருங்க. கதவு சாத்துன டிவி ஸ்டாண்டுக்குள்ள வெக்கிறதா இருந்தாலும் வேண்டாமுங்க, ஈரோடு கரூர் சித்திரை வெயில்ல காத்து போகலீன்னா கார்டு கொதிச்சுப்போயிரும், கேபினெட்ல மெதுவா சுத்தற 120 மிமீ ஃபேன் ஒண்ணாவது இருக்கோணும்.