பிள்ளை சரியா வளருதான்னு வீட்டுலயே பாக்குறது எப்படி

ஒரே கிளாஸ்ல படிக்குற ரெண்டு பசங்க பக்கத்து பக்கத்துல நிக்குறப்ப ஒருத்தன் தலை இன்னொருத்தன் தோளுக்கு தான் வருதுன்னா, குள்ளமா இருக்குற பையனோட அம்மாவுக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது. எனக்கும் வரல, என் பையனுக்கு அப்ப 7 வயசு. உயரம் கூடும்னு சொல்ற பவுடர் எல்லாம் வாங்கி கலக்கி குடுத்துட்டு மனசு கேக்காம குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனா, அவங்க கேட்ட முதல் கேள்வியே "போன வருஷம் எவ்வளவு உயரம் இருந்தான்?" என்கிட்ட பதில் இல்ல. அன்னிக்கு தான் புரிஞ்சுது, பிள்ளைய அடுத்த பிள்ளையோட நிக்க வச்சு பாக்கக்கூடாது, போன வருஷத்து அதே பிள்ளையோட தான் நிக்க வச்சு பாக்கணும்.

உலக சுகாதார நிறுவனம் 2007ல 5 வயசுலேர்ந்து 19 வயசு வரைக்கும் ஒரு வளர்ச்சி சார்ட் வெளியிட்டாங்க. அதுல 10 வயசு பையனோட நடு உயரம் கிட்டத்தட்ட 138 சென்டிமீட்டர். ஆனா ஏறக்குறைய 125லேர்ந்து 150 வரைக்கும் எல்லாமே வழக்கமான எல்லைக்குள்ள தான் வருது, அதாவது ஒரே வயசுல 25 சென்டிமீட்டர் வித்தியாசத்துல நிக்குற ரெண்டு பசங்களும் நல்லா ஆரோக்கியமா இருக்கலாம். அதனால பக்கத்துல நிக்குறவன் எவ்வளவு உயரம்ங்கறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

சரி, எப்படி அளக்குறது. இதுல தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். நேரான சுவரா பாருங்க, கீழ சுவரோரமா கட்டை மாதிரி துருத்திட்டு இருக்கக்கூடாது, தரையில விரிப்பு இருக்கக்கூடாது. செருப்பு சாக்ஸ் கழட்டிடுங்க, பொண்ணா இருந்தா கொண்டை கிளிப் எல்லாம் எடுத்துடுங்க. குதிகால், பின்பக்கம், தோள்பட்டை எலும்பு சுவத்துல படணும். தலைய அண்ணாந்தும் பாக்கக்கூடாது குனிஞ்சும் இருக்கக்கூடாது, காது ஓட்டையும் கண்ணுக்கு கீழ் ஓரமும் ஒரே நேர்கோட்டுல வரணும். அப்புறம் கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்த எடுத்து அதோட ஒரு பக்கத்த சுவத்துல ஒட்டி வச்சு மெதுவா கீழ இறக்கி, தலைமுடி அமுங்குற வரைக்கும் கொண்டு வந்து, அடியில பென்சில்ல கோடு போடுங்க. புத்தகம் சாஞ்சிருந்தா ஒரு சென்டிமீட்டர் சாதாரணமா மாறிடும். என் பையன் புத்தகம் தலைய தொட்டதும் குதிகால லேசா தூக்கிடுவான், உயரமா வரணும்னு அவனுக்கும் ஆசை, அதனால ஒரு கைய கீழ குதிகால் மேல வச்சுட்டு தான் அளப்பேன். மூணு தடவை அளந்து நடுவுல வர்ற அளவ மில்லிமீட்டரோட எழுதிக்கோங்க, தேதியும் போடுங்க.

இன்னொண்ணு, எப்பவும் ஒரே நேரத்துல அளங்க. காலைல எழுந்ததும் இருக்குற உயரம் சாயங்காலம் இருக்காது, நாள் பூரா நின்னு நடந்து முதுகெலும்புக்கு நடுவுல இருக்குற டிஸ்க் அமுங்கி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் குறையும். ஒரு தடவை காலைல அடுத்த தடவை ராத்திரின்னு அளந்தா பிள்ளை வளரவே இல்லைன்னு தோணும். மாசா மாசமும் அளக்காதீங்க, வளர்ச்சி ஒரே சீரா போகாது, சில மாசம் வேகமா சில மாசம் மந்தமா போகும், 6 மாசத்துக்கு ஒரு தடவை போதும்.

இப்ப கணக்கு. 5 வயசுக்கு மேல, பருவ வளர்ச்சி ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி வரைக்கும், பிள்ளைங்க வருஷத்துக்கு சுமாரா 5லேர்ந்து 6 சென்டிமீட்டர் வளருவாங்க, எடை 2லேர்ந்து 3 கிலோ ஏறும். ஜனவரில 122.4, ஜூலைல 125.0ன்னா 6 மாசத்துல 2.6, வருஷத்துக்கு 5.2, பிள்ளை குள்ளமா தெரிஞ்சாலும் நல்லா தான் வளருது. ஆனா முழுசா ஒரு வருஷத்துல 4 சென்டிமீட்டருக்கும் கம்மியா ஏறியிருந்தா, பிள்ளை பாக்க உயரமாவே இருந்தாலும் சரி, டாக்டர்கிட்ட காட்டுங்க. வேகம் குறையுறது தான் முதல்ல கண்ணுல படுற அறிகுறி, தைராய்டு, குடல் பிரச்சனை, கிட்னி பிரச்சனைன்னு காரணம் பல இருக்கலாம், சீக்கிரம் கண்டுபிடிச்சா பலது சரி பண்ணக்கூடியது.

அப்பா அம்மா உயரத்தையும் பாத்துக்கணும். ரெண்டு பேர் உயரத்தையும் சென்டிமீட்டர்ல கூட்டி, பையன்னா 13 சேத்து, பொண்ணுன்னா 13 கழிச்சு, ரெண்டால வகுத்தா பிள்ளை பெரியவங்களானப்புறம் சுமாரா எங்க வரும்னு தெரியும், அதுக்கு மேலயும் கீழயும் ஒரு 8 சென்டிமீட்டர் வித்தியாசம் விட்டுக்கோங்க. நாங்க ரெண்டு பேருமே உயரம் கம்மி, இந்த கணக்க போட்டு பாத்ததுமே எனக்கு பாதி பயம் போயிடுச்சு.

எடைக்கு வருவோம். 5, 6 வயசுல நிறைய பிள்ளைங்க திடீர்னு ஒல்லியாயிடுவாங்க, விலா எலும்பு தெரியும், குழந்தையா இருந்தப்ப இருந்த கன்னம் காணாம போயிடும். உடம்புல கொழுப்பு ரொம்ப கம்மியா இருக்குற வயசே அது தான், அப்புறம் தானா மெல்ல ஏறும், அத பாத்து பயந்து தட்டு தட்டா ஊட்டாதீங்க. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடை இருக்கான்னு காட்டுற நம்பர், பாக்குறதா இருந்தா பெரியவங்களுக்கு சொல்ற 18.5, 25ங்கற நம்பர பிள்ளைங்களுக்கு போடவே கூடாது, வயசுக்கும் ஆணா பொண்ணாங்கறதுக்கும் தகுந்த சார்ட்ல தான் பாக்கணும். உயரம் ஏறாம எடை மட்டும் ஏறுதுன்னா ஹார்மோன் பக்கம் பாப்பாங்க, எடை முதல்ல நின்னு அப்புறம் உயரமும் நின்னா சாப்பாடு, குடல் பக்கம் பாப்பாங்க, அதனால ரெண்டையும் சேத்தே எழுதி வைங்க.

பொண்ணுங்களுக்கு 8லேர்ந்து 13 வயசுக்குள்ள, பசங்களுக்கு 9லேர்ந்து 14க்குள்ள பருவ மாற்றம் ஆரம்பிக்கும். பொண்ணுங்க ரெண்டு வருஷம் முன்னாடியே சர்ருன்னு வளர ஆரம்பிச்சிடுவாங்க, 11 வயசுல கிளாஸ்ல பொண்ணுங்க உயரமா தெரியுறது அதனால தான். பொண்ணுக்கு 8 வயசுக்கு முன்னாடியோ பையனுக்கு 9க்கு முன்னாடியோ மாற்றம் தெரிஞ்சா "சீக்கிரம் வளருது, நல்லது தானே"ன்னு விட்டுடாதீங்க ப்ளீஸ். எலும்பு நுனியில இருக்குற வளர்ச்சி தட்டு சீக்கிரமே மூடி, முடிவுல உயரம் குறைஞ்சு போகலாம்.

தூக்கத்த பத்தி சொல்லாம இருக்க முடியல. வளர்ச்சி ஹார்மோன் அதிகமா சுரக்குறது ஆழ்ந்த தூக்கத்துல தான், 6லேர்ந்து 12 வயசு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9லேர்ந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும். காலைல 6 மணிக்கு எழுப்பணும்னா ராத்திரி 9 மணிக்குள்ள தூங்கியிருக்கணும், 9 மணிக்கு படுக்கைக்கு போனா மட்டும் பத்தாது. தினம் ஒரு மணி நேரமாவது ஓடி ஆடி விளையாடணும், அதுவும் வெளில வெளிச்சத்துல விளையாடுனா கிட்டப்பார்வை வர்ற வாய்ப்பும் குறையுது.

பல்லுல ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியல. 6 வயசு வாக்குல பால் பல்லு எதுவும் விழாமலே கடைசில ஒரு பெரிய கடைவாய் பல்லு முளைக்கும், பால் பல்லு தானேன்னு விட்டுடுவோம், ஆனா அது நிரந்தர பல்லு, சொத்தையாச்சுன்னா வேற முளைக்காது. இன்னிக்கு ராத்திரி டார்ச் அடிச்சு பாருங்க, பிரஷ் அங்க வரைக்கும் போகுதான்னும் பாருங்க.

ராத்திரில கால் வலிக்குதுன்னு அழுதா, ரெண்டு காலும் வலிச்சு, தடவி விட்டா சரியாகி, காலைல ஓடி விளையாடுனா பெரும்பாலும் பயப்பட ஒண்ணுமில்ல. ஒரே கால், ஒரே இடம், வீக்கம், காய்ச்சல், காலைல நொண்டுறது, இதுல ஒண்ணு இருந்தாலும் தள்ளிப்போடாம காட்டுங்க.

டாக்டர்கிட்ட போறப்ப தேதியோட எழுதுன நோட்டு, அப்பா அம்மா உயரம், பிறந்தப்ப இருந்த எடை, அப்பா எந்த வயசுல வேகமா உயரமானாரு, அம்மா எந்த வயசுல வயசுக்கு வந்தாங்கன்னு எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. தேவைப்பட்டா ரத்த டெஸ்டும், இடது கை மணிக்கட்டுல ஒரு எக்ஸ்ரேவும் எடுப்பாங்க, அது எலும்போட வயசு, அதாவது எலும்பு எந்த வயசுக்கு தகுந்த அளவு வளர்ந்திருக்குன்னு பாக்குறதுக்கு. என் பையனுக்கு எலும்பு வயசு ஒன்றரை வருஷம் பின்னாடி இருந்துச்சு, லேட்டா வளருவான்னு சொன்னாங்க, அவங்க அப்பாவும் அப்படி தானாம், காலேஜ் சேந்தப்புறம் தான் வளர்ந்தாராம். மருந்து எதுவும் தரல, 6 மாசம் கழிச்சு திரும்ப அளந்துட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க.