வெளிநாட்டு வேலை, குடும்ப விசா: மதுரையிலேயே நடந்துவிடும் தவறுகள்

மேலூர் பக்கமிருந்து ஒரு பெண் வந்திருந்தார். மஞ்சப்பையிலிருந்து கல்யாணச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். பளபளவென்று லேமினேஷன் போட்டிருந்தது. கணவருக்குத் துபாயில் வேலை. குடும்ப விசா எடுக்கப் போகிறார்கள். "கிழிஞ்சிரக் கூடாதுன்னு அவரே போட்டுக் குடுத்துட்டுப் போனாருண்ணே" என்றார்.

அந்தத் தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. துபாய்க்குக் கல்யாணச் சான்றிதழ் போக வேண்டுமென்றால் முதலில் மாநில அரசு, அடுத்து வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அமீரகத் தூதரகம், கடைசியாக அங்கே போய் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக முத்திரை விழ வேண்டும். முத்திரையும் ஸ்டிக்கரும் தாளின் மேல்தான் விழும். பிளாஸ்டிக் மேல் யாரும் வைத்துத் தர மாட்டார்கள். லேமினேஷனைப் பிரிக்கப் போனால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுபடி மனுப் போட்டு, சான்றிட்ட புது நகல் வாங்குவது ஒன்றுதான் வழி. டிகிரி சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சவுதி, ஓமன், பஹ்ரைன், சிங்கப்பூர் ஆகியவை, ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாடு தூதரக முத்திரை இல்லாமலே ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருப்பதால் அங்கெல்லாம் தூதரக முத்திரைக்குப் பதில் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். அதுவும் தாள் மேல்தான் ஒட்டும்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் பக்கத்தில் பதினாறு வருஷமாக மனு எழுதிக் கொடுக்கிறேன். விசா சிக்கல் என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு, சிக்கல் அந்த நாட்டுச் சட்டத்தால் வந்ததில்லை. இங்கே கல்யாணம் நடந்த மாதத்தில், பிள்ளை பிறந்த வாரத்தில், பாஸ்போர்ட் மனு நிரப்பிய அந்தப் பத்து நிமிஷத்தில் வந்தது.

பெயரில் இருந்தே ஆரம்பிக்கலாம். அப்பா கருப்பையா, பையன் பாண்டி என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் 'பாண்டி. க'. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். ஆகவே கிவன் நேம் பாண்டி, சர்நேம் கருப்பையா. அவர் மனைவி கல்யாணத்துக்கு முன்பே பாஸ்போர்ட் எடுத்தவர்; அவருடைய சர்நேம் அவர் அப்பா பெயரான மாயாண்டி. குழந்தைக்கு சர்நேம் பாண்டி. நமக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. சிங்கப்பூரிலோ தோஹாவிலோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு, மூன்று வெவ்வேறு குடும்பப்பெயர் கொண்ட மூன்று பேர் தெரிகிறார்கள். இவர்களை ஒரே குடும்பம் என்று கட்டிப்போடுவது கல்யாணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் மட்டும்தான். அந்த இரண்டிலும் 'க. பாண்டி' என்று இருந்தால், பாஸ்போர்ட்டில் இருக்கும் கருப்பையாவும் இவரும் ஒரே ஆள் என்று எதை வைத்து நம்புவார்?

ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும்போது மாப்பிள்ளை, பொண்ணு இருவருடைய பாஸ்போர்ட்டையும் கையில் கொண்டு போங்கள். கையெழுத்துப் போடும் முன் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். லட்சுமி ஒரு இடத்தில் 'எக்ஸ்' போட்டு, இன்னொரு இடத்தில் 'கே, எஸ், ஹெச்' போட்டு. கார்த்திக் ஒரு இடத்தில் 'ஹெச்' வைத்து, இன்னொரு இடத்தில் இல்லாமல். இப்படி வந்த ஃபைல்கள் என் அலமாரியில் எத்தனையோ. பிறந்த குழந்தைக்குச் சான்றிதழ் எழுதும்போது ஆஸ்பத்திரியில் அப்பா பெயரை யாரோ சொல்ல, யாரோ எழுதிக்கொள்வார்கள். அங்கேயும் பாஸ்போர்ட் ஜெராக்ஸைக் கொடுத்துவிடுங்கள்.

சர்நேம் இடத்தை வெறுமையாக விட்டு, ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் எடுத்தவர்களும் நம் பக்கம் நிறைய. 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று சொன்னபோது பலர் திண்டாடினார்கள். பிறகு விளக்கம் தந்து தளர்த்தினார்கள் என்றாலும், புதுப்பிக்கும்போது அப்பா பெயரை சர்நேமாகச் சேர்த்துவிடுவது நிம்மதி.

அடுத்தது கல்யாணப் பதிவு. ஒரு மாத லீவில் வருவார் மாப்பிள்ளை. திருப்பரங்குன்றத்தில் முகூர்த்தம், மறுவீடு, குலசாமி கும்பிடு, கறிவிருந்து என்று நாள் ஓடிவிடும். கோயில் ரசீதும் ஆல்பமும் இருக்கிறதே, அடுத்த லீவில் பதிந்துகொள்ளலாம் என்று விமானம் ஏறிவிடுவார். கோயில் ரசீது விசாவுக்குச் செல்லாது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் தருவார்கள். அது தாண்டினால் இந்துக்களுக்கு 1955 இந்து திருமணச் சட்டப்படி பதியும் வழி இருக்கிறது. எந்த வழியானாலும் இருவரும் நேரில் வர வேண்டும். ஒரு பக்கம் மாப்பிள்ளை இரண்டு வருஷம் கழித்துத்தான் லீவில் வருவார், இன்னொரு பக்கம் பொண்ணு இங்கே காத்துக்கிடக்கும். தாலி கட்டிய அந்த வாரத்திலேயே ஒரு அரை நாளை இதற்கென்று ஒதுக்கச் சொல்லி, பத்திரிகை வைக்க வரும் வீட்டாரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

தன் வேலை பெர்மிட் கிடைத்துவிட்டால் குடும்பமும் கூட வரலாம் என்று நினைப்பது இன்னொரு பெரிய தவறு. இரண்டும் தனித்தனி. சிங்கப்பூரில் கட்டுமானம், கப்பல் பட்டறைக்கு ஒர்க் பெர்மிட்டில் போகிறவர் மனைவி மக்களைக் குடும்பத்தாருக்கான டிபெண்டன்ட் பாஸில் கூட்டிப்போகவே முடியாது. அதற்கு மேல்நிலை வேலை அனுமதிகளான எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர் குடும்பத்தைக் கூட்டிப்போக மாதம் 6,000 சிங்கப்பூர் டாலர் நிலைச் சம்பளம் வேண்டும். ஓவர்டைம் அதில் சேராது. பெற்றோரைக் கூட்டிப்போக 12,000. அமீரகத்தில் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் கம்பெனி தரும் வீடும். பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகப் போனவர்கள் 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தை அழைத்துப்போக முடியாமல் போனது; 2025 ஜூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. நகையை அடகு வைத்து முன்பணம் கட்டும் முன் இந்த எண்களைக் கேளுங்கள். மனைவியும் அங்கே போய் வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2021 மே மாதத்திலிருந்து சிங்கப்பூரில் டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் வேலைக்குப் போக, பொதுவாகத் தனக்கென்று ஒரு வேலை பாஸ் வாங்க வேண்டும். துபாயிலும் வேலை தரும் கம்பெனி தனியாகப் பெர்மிட் எடுக்க வேண்டும்.

பிரசவத்துக்கு வரும் பெண்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. துபாயிலிருந்து ஏழாம் மாதம் வளைகாப்புக்கு வருகிறார். பிரசவம் இங்கே. பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகட்டும், கழுத்து நிற்கட்டும் என்று அம்மா வீட்டில் சொல்வார்கள்; நியாயம்தான். ஆனால் அமீரகத்துக்கு வெளியே தொடர்ந்து 180 நாளுக்கு மேல் இருந்தால் பொதுவாகக் குடியிருப்பு விசா காலாவதியாகிவிடும். ஏழாம் மாதம் வந்தவருக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகும்போதே ஆறு மாதம் தொட்டுவிடுகிறது. இதற்கு நடுவில் குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், தனி விசா போட வேண்டும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்கு பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிச் சான்று பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. அதில் பெயர் ஏறியிருக்க வேண்டும்.

இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். "குலசாமி கோயில்ல வச்சுத்தான் பேர் விடணும், மாசி வரட்டும்" என்று தாத்தா சொல்லிவிடுவார். உசிலம்பட்டிப் பக்கத்து வீடு ஒன்றில் பெயரில்லாத சான்றிதழோடு நாலு மாதம் காத்திருந்தார்கள். கடைசியில் பெயர் ஏற்றி, பாஸ்போர்ட் வந்தபோது தாயின் விசா முடிந்து பதினோரு நாள். புதிதாக எல்லாவற்றையும் தொடங்க வேண்டியதாயிற்று. குலசாமிக்கு முன் பெயர் சொல்வது எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும். மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ முதல் மாதமே பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு வருஷத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஊருக்கு வந்து இறங்கிய தேதியை காலண்டரில் வட்டமிட்டு, 180ஆவது நாளையும் அதே பேனாவால் வட்டமிட்டு வையுங்கள்.

பாஸ்போர்ட் மனுவில் ஒரு சின்ன விஷயம். பத்தாம் வகுப்பு பாஸானவர்கள்கூட மார்க் ஷீட்டைக் காட்டாமல் விட்டுவிட்டு, குடிபெயர்வுச் சோதனை தேவை என்று குறித்த ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் வாங்கிவிடுகிறார்கள். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக ஈ.சி.ஆர்.காரர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். பத்து பாஸானவருக்கு அது தேவையே இல்லை. மார்க் ஷீட்டைக் காட்டி மாற்றிக்கொள்ளலாம். பத்து முடிக்காதவர்கள் அந்த அனுமதியைத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். அதோடு கட்டாயமாக வரும் பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டின் தொகை 10 லட்சம். இரண்டு வருஷத்துக்கு பிரீமியம் 275 ரூபாய்தான்.

அந்த அனுமதியைத் தாண்டுவதற்குத்தான் "விசிட்டில் போ, அங்கே போய் மாத்திக்கலாம்" என்கிறார்கள் சில ஏஜென்ட்கள். மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் போய் வரலாம். சுற்றிப் பார்க்க மட்டும்தான் அந்த அனுமதி. வேலை பார்த்தால் குற்றம், பிடிபட்டால் சிறை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப்போய், எல்லை ஊரான மே சோட் வழியாக ஆற்றைத் தாண்டிக் கடத்தி மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. வேலைக்குப் போகிற பாஸ் கையில் இல்லாமல் ஏற வேண்டாம் என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், மொத்தம் 35,400. தமிழ்நாடு அரசின் ஓம்சிஎல் நிறுவனமும் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிறது. சந்தேகம் கேட்க வெளியுறவு அமைச்சகத்தின் 1800 11 3090 என்ற இலவச எண் இருக்கிறது.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு, வேலை பாஸுக்கான முன் ஒப்புதலான ஐ.பி.ஏ. கடிதம் கிளம்புவதற்கு முன்பே கைக்கு வந்துவிட வேண்டும். அடிப்படைச் சம்பளம், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். "ஏர்போர்ட்டில் வந்து தர்றேன் தம்பி" என்று ஏஜென்ட் சொன்னால் டிக்கெட் போட விடாதீர்கள். வாயால் சொன்ன சம்பளமும் கடிதத்தில் இருக்கும் சம்பளமும் வேறாக இருந்தால், மதுரை ஏர்போர்ட் போகும் வழியில் அவனியாபுரம் தாண்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது. சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டில் இறங்கியபின் கேட்டால், கட்டிய பணம்தான் முதலில் நினைவுக்கு வரும்.