வளவில் ஓடுவது எந்த அணில்? பார்த்து அடையாளம் காணப் பழகுவோம்

ஒரு தென்னையும் ஒரு மாமரமும் நிற்கிற வளவு போதும், மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் அங்கே அணில் இருக்கும். அது என்ன அணில் என்று பிள்ளைகள் கேட்கும்போதுதான் நாம் இணையத்தைத் திறக்கிறோம். முதலில் வருவது வட அமெரிக்காவின் சாம்பல் அணில். அடுத்தது கன்னத்தில் கோடு உள்ள சிப்மங்க். இரண்டும் இலங்கையின் காடுகளிலோ வளவுகளிலோ வாழ்வன அல்ல. இன்னும் கொஞ்சம் தேடினால் ஐந்து கோட்டு அணில் வரும். அது இந்தியாவில், முக்கியமாக அதன் வட பகுதியில் வாழ்வது. இலங்கையில் அதுவும் இல்லை.

ஆகவே இனங்களின் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வளவில் இறங்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். நம் வளவுகளில் அன்றாடம் ஓடித் திரிவது ஒரே ஓர் இனம். அந்த ஒன்றை மூக்கிலிருந்து வால் நுனி வரை நன்றாக அறிந்துகொள்ளுங்கள். பிறகு காட்டோரத்திலோ மலையகத்திலோ வேறோர் அணில் எதிர்ப்பட்டால், இது நம் அணில் அல்ல என்று உடனே தெரிந்துவிடும். கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கில்தான் போகின்றன.

படி 1: உட்காரும் இடமும் நேரமும்

அணில் பகலில் நடமாடும் விலங்கு. காலையில் வெயில் ஏறுமுன்னும், பின்னேரம் வெயில் தணிந்த பிறகும் அதன் ஓட்டம் அதிகம். உச்சி வெயிலில் கிளையோடு வயிறு ஒட்டப் படுத்துக் கிடக்கும், அப்போது பார்க்கக் கிடைப்பது குறைவு.

தென்னையின் வட்டும் மாமரத்தின் கவரும் ஒரே பார்வையில் தெரிகிற இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கிணற்றடியோ குசினி வாசலோ போதும். நீங்கள் அசையாமல் இருந்தால் சிறிது நேரத்தில் அணில் உங்களை மறந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். பாளை விரிந்திருந்தால் அங்கே கண்ணை வையுங்கள், பூவில் ஊறும் தேனுக்காக அது வரும். கொய்யா, ஜம்பு, மரமுந்திரிகைப் பழம் பழுக்கும் காலங்களிலும் காத்திருப்பது வீண்போகாது.

தொலைநோக்கி தேவையில்லை, கைத்தொலைபேசி போதும். புகைப்படத்தைவிடக் காணொளி நல்லது. ஓடும் அணிலின் கோடுகளைப் பின்னர் நிறுத்திப் பார்த்து எண்ணலாம்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: சோறோ பாணோ வைத்து அதை வரவழைக்காதீர்கள். இரவானதும் அந்த மீதிக்கு எலி வரும், பகலில் பூனை அதே இடத்தில் பதுங்கியிருக்கப் பழகிவிடும். எந்த மரத்தை எந்த மாதத்தில் அணில் நாடுகிறது என்பதே நாம் அறிய விரும்பும் செய்தி. தீனி வைத்தால் அது கலைந்துவிடுகிறது.

படி 2: கோடுகளை எண்ணுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

நம் வளவு அணிலின் முதுகில் வெளிர் நிறக் கோடுகள் மூன்று. நடுக்கோடு பிடரிப் பக்கத்திலிருந்து வாலின் அடி வரை நீளமாகப் போகும். இரு பக்கக் கோடுகளும் அதைவிடக் குட்டையானவை, முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் அடங்கிவிடும். தொல்காப்பியம் ‘மூவரி அணில்’ என்று சொல்வது இந்த மூன்று கோடுகளையும் வைத்துத்தான்.

தொடக்கத்தில் பலரும் குழம்புவது எண்ணும் முறையில். வெளிர் கோடுகளுக்கு இடையில் கருமையான பட்டைகள் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்து எண்ணினால் ஐந்தாகிவிடும், உடனே இணையத்தில் பார்த்த ஐந்து கோட்டு அணில் நினைவுக்கு வரும். வெளிர் கோடுகளை மட்டுமே எண்ணுங்கள். அணில் மரத்தில் தலைகீழாக இறங்கும்போது முதுகு முழுவதும் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். எண்ணுவதற்கு அதைவிட நல்ல தருணம் இல்லை.

முகத்தையும் கவனியுங்கள். நம் அணிலின் கன்னத்தில் கோடு கிடையாது. சிப்மங்குக்கு முகத்திலேயே கோடுகள் உண்டு. கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பும் படத்தில் இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ரொறன்ரோவிலிருந்து வரும் கன்னங்கரிய அணிலின் படம் தனி இனத்தினுடையது அல்ல, சாம்பல் அணிலே அங்கே கறுப்பு நிறத்திலும் பிறக்கிறது.

படி 3: வால், வயிறு, அளவு

வால் அடர்ந்த மயிர் கொண்டது. கறுப்பும் வெள்ளையுமான நீண்ட மயிர்கள் கலந்திருப்பதால் தூரத்திலிருந்து சாம்பலாகத் தெரியும். வயிறு வெண்மை அல்லது பால்நிறம். முதுகு சாம்பல் கலந்த பழுப்பு. காதுகள் சிறியவை. முன்காலில் நான்கு விரல்களும் பின்காலில் ஐந்தும் தெரியும். காணொளியை நிறுத்திப் பார்த்தால் இதையும் சரிபார்க்கலாம்.

உடலின் நீளம் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர், அதாவது ஒரு சாணுக்குக் குறைவு. வாலும் கிட்டத்தட்ட அதே நீளம். எடை 100 கிராம் அளவில் இருக்கும்.

நிறத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். இதே இனம் இலங்கையின் உலர் வலயத்தில் வெளிறியும் ஈர வலயத்தில் கறுத்தும் காணப்படும். நம் பக்கத்தில் கார்த்திகை, மார்கழி மழையில் நனைந்த அணிலைப் பார்த்தால் கோடுகள் மங்கி, வால் மெலிந்து, வேறொரு விலங்கென்றே தோன்றும். வெயில் வந்து மயிர் உலர்ந்ததும் அதே மூன்று கோடுகளும் தெளிந்துவிடும். குட்டிகளுக்கும் இது பொருந்தும். தலை பெரிதாகவும் வால் மயிர் குறைவாகவும் இருப்பதால் அவற்றை இன்னோர் இனமாகக் கருதிவிடக் கூடாது, முதுகின் கோடுகளே சாட்சி.

படி 4: சத்தத்தையும் கூட்டையும் பழகுங்கள்

கண்ணில் படுமுன் பெரும்பாலும் காதில்தான் விழும். கூர்மையான, பறவை கத்துவதுபோன்ற ‘சிக் சிக் சிக்’ என்ற ஒலி, ஒவ்வொரு ஒலிக்கும் வால் ஒருமுறை வெட்டி ஆடும். நீண்ட நேரம் விடாமல் கத்தினால் அது எச்சரிக்கை. அணில் எந்தப் பக்கம் தலையை வைத்துக் கத்துகிறதோ அந்தப் பக்கம் பாருங்கள். பூனையோ சாரைப்பாம்போ வல்லூறோ இருக்கக்கூடும். மட்டக்களப்பு வளவுகளில் பாம்பு இருக்கும் இடத்தை அணிலின் குரலால் அறிந்துகொள்ளும் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இந்தப் படியை என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

கூடு புல்லும் தும்பும் பன்னாடை நாரும் சேர்த்துத் திரட்டியது. தென்னை வட்டிலும், மரக்கவரிலும், சில வேளைகளில் கூரை இடுக்கிலும் இருக்கும். வழக்கமாக இரண்டு மூன்று குட்டிகள். கூடு கண்ணில் பட்டால் தள்ளி நின்று பாருங்கள், கையை விட வேண்டாம்.

படி 5: மர அணிலைப் பிரித்தறிதல்

2025 மார்ச் 15 அன்று காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, பயிர்களைச் சேதப்படுத்தும் விலங்குகளைத் தம் காணிகளில் எண்ணித் தரும்படி நாடு முழுவதும் மக்களிடம் கேட்கப்பட்டது நினைவிருக்கும். குரங்கு, மந்தி, மயில் ஆகியவற்றோடு மர அணிலும் அந்தக் கணக்கெடுப்பில் இருந்தது. சிங்களத்தில் தண்டு லேனா எனப்படும் பெரிய அணில் அது. வளவில் ஓடும் சிறிய அணிலை எண்ணும்படி யாரும் கேட்கவில்லை. இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் ஒருவர் எழுதிக் கொடுக்கும் எண் பிழையான எண்ணாகிவிடும். அந்த எண்ணை வைத்து ஒரு விலங்கின் தலைவிதியைப் பற்றிப் பேசுவார்கள். இந்தப் பழக்கத்தை எல்லோரும் கற்க வேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம் இதுவே.

பிரித்தறிவது கடினமல்ல. மர அணிலின் முதுகில் கோடே இருக்காது. எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். உடலும் வாலும் சேர்ந்தால் பூனையின் நீளத்துக்கு வரும். உலர் வலயத்தில் காணப்படும் வகையின் முதுகு சாம்பல் பழுப்பு, வாலில் வெள்ளை மயிர் நரைபோல் ஊடுருவியிருக்கும். மலைப்பகுதியில் உள்ளது இதைவிடக் கறுத்தது.

உட்காரும் விதமும் வேறு. வளவு அணில் வாலை முதுகோடு நிமிர்த்தியோ பின்னால் நீட்டியோ வைத்திருக்கும். மர அணில் கிளையில் குறுக்காக அமர்ந்து, வாலை மறுபக்கம் தொங்கவிட்டு உடலைச் சமன்செய்துகொள்ளும். பின்கால்களால் பற்றித் தலைகீழாகத் தொங்கியபடி தின்பதும் உண்டு. நிலத்துக்கு அபூர்வமாகவே இறங்கும். உயர்ந்த மரத்தில் குச்சியும் இலையும் கொண்டு பெரிய கூடு கட்டும். அதன் குரலோ தொலைவுவரை கேட்கும் கரகரப்பான தொடர் ஒலி.

மரத்துக்கு மரம் தாவிப் போகும் விலங்கு என்பதால், மரமுடிகள் ஒன்றையொன்று தொடும் காடு அதற்கு வேண்டும். கல்லடியிலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ நெருக்கமான வீடுகளுக்கு நடுவே அதை எதிர்பார்க்க வேண்டாம். படுவான்கரையைத் தாண்டி மேற்கே காடு தொடங்கும் இடங்களுக்கோ, இங்கினியாகலைக்கு அப்பால் கல்லோயாப் பக்கமோ, லகுகலைக்கோ போகும்போது ஆற்றோர மருத மரங்களின் உச்சியைப் பாருங்கள்.

படி 6: இரவில் கூரையில் ஓடுவது

அது அணில் அல்ல. பெரும்பாலும் எலி, சில வேளை மரநாய். எலியின் வாலில் அடர்ந்த மயிர் இருக்காது, செதில்போன்ற தோல்தான் தெரியும், முதுகில் கோடும் இல்லை. வேலியோரம் தரையில் நீளமாக ஓடி மறைவது கீரி.

இலங்கையில் பறக்கும் அணில்கள் இருக்கின்றன, அவை இரவில் நடமாடுவனதான். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையிலுள்ள தோலை விரித்து மரத்திலிருந்து மரத்துக்குச் சறுக்கிப் போகும். ஆனால் அவை காட்டு விலங்குகள், கரையோர வீட்டுக் கூரையில் தேட வேண்டியவை அல்ல.

படி 7: பயணத்தில்

சிங்கராஜா போன்ற மழைக்காடுகளுக்குப் போனால் கோடுள்ள வேறு சிறிய அணில்கள் கிடைக்கும். ஒன்றின் உடல் கறுத்து, நடுக்கோடு மட்டும் செம்மஞ்சளாகப் பளிச்சிடும். இன்னொன்று நம் அணிலைவிடச் சிறியது, கோடுகள் மங்கலானவை. இலங்கையைத் தவிர வேறெங்கும் காணப்படாத இனம் அது. இரண்டுமே ஈர வலயத்தவை. நம் மாவட்டங்களில் அவற்றைக் கண்டதாகத் தோன்றினால், மீண்டும் படி 3 இல் மழை பற்றிச் சொன்னதை வாசித்துவிட்டுக் காணொளியைப் பாருங்கள்.

படி 8: எழுதி வையுங்கள்

ஒரு சாதாரணக் கொப்பி போதும். திகதி, நேரம், எந்த மரம், என்ன செய்துகொண்டிருந்தது, எத்தனை வெளிர் கோடுகள், வால் எப்படி இருந்தது என்ற அளவில் எழுதினால் சரி. இனத்தின் பெயரை எழுதுமுன் கண்டதை எழுதுங்கள். பெயரை முதலில் எழுதிவிட்டால் மனம் அதற்கேற்றபடி கோடுகளை எண்ணத் தொடங்கிவிடும்.

கொப்பியில் எழுதியது எதற்கும் பொருந்தாத அணிலைக் கண்டால், மேலிருந்து ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். அங்கே மற்றவர்களும் பார்த்துப் பெயர் சொல்வார்கள், உங்கள் பதிவும் மற்றவர்களுக்குப் பயன்படும். வீட்டின் சரியான இடம் வெளியே தெரியாதபடி மறைக்கும் வசதியும் அதில் உண்டு. படம் ஏற்றும்போதே அதைத் தெரிவுசெய்துவிடுங்கள்.