அச்சு நிலவியல் வரைபடத்தைத் தரவுத்தளமாக மாற்றுவது எப்படி? கோடுகளில் தொடங்குங்கள்

நிலவியல் வரைபடத்தை ஸ்கேன் செய்து கணினியில் திறந்தாலும் அது வெறும் படம்தான். இந்த மணற்பாறை மொத்தம் எத்தனை சதுர கிலோமீட்டர், எந்தப் பிளவுகள் (பாறை உடைந்து நகர்ந்த கோடுகள்) ஊகத்தின் பேரில் வரையப்பட்டவை, இந்த இடத்தில் பாறை எந்தத் திசையில் சாய்கிறது என்று கேட்டால் படம் பதில் சொல்லாது. தரவுத்தளம் சொல்லும். அந்த மாற்றத்தைக் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு செய்வது எப்படி என்று பார்ப்போம். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான். மெனுப் பெயர்கள் மட்டும் மாறும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வண்ணப் பரப்புகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வரைய ஆரம்பிக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

1. சுட்டியைத் தொடுமுன் குறிவிளக்கத்தைப் படியுங்கள்

வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் குறிவிளக்கம்தான் உங்கள் தரவுத்தளத்தின் வரைவு. அங்கே உள்ள ஒவ்வொரு பாறை அலகையும் ஓர் அட்டவணையில் ஏற்றுங்கள்: குறி, முழுப்பெயர், வயது, விளக்கம், வரிசை எண். இளைய பாறை மேலே, பழையது கீழே என்று அச்சில் இருக்கும் அடுக்குமுறையை வரிசை எண் காப்பாற்றும். அகர வரிசையில் விட்டால் அந்தத் தகவல் தொலைந்துபோகும்.

வண்ணத்தை நம்பி அலகை அடையாளம் காணாதீர்கள். பழைய தாள்களில் சாயம் மங்கியிருக்கும்; அடுத்தடுத்த இரண்டு பச்சைகள் ஸ்கேனில் ஒன்றுபோலவே தெரியும். பரப்புக்குள் அச்சிட்டிருக்கும் எழுத்துக்குறியே சான்று.

கோட்டு வகைகளையும் இப்போதே பட்டியலிடுங்கள். வழக்கமாகத் தொடர்கோடு என்றால் இடம் துல்லியமாகத் தெரியும். இடைவிட்ட கோடு என்றால் தோராயம். புள்ளிக்கோடு என்றால் இளைய படிவின் அடியில் மறைந்திருக்கிறது. கேள்விக்குறி இருந்தால் அப்படி ஒன்று இருக்கிறதா என்பதே ஐயம்.

2. ஸ்கேன்

கைபேசியில் எடுத்த புகைப்படம் வேண்டாம். லென்ஸ் ஓரங்களை வளைத்துவிடும். பெரிய தாளுக்கான ஸ்கேனரில், ஓர் அங்குலத்துக்கு 300 முதல் 600 புள்ளி என்ற நுணுக்கத்தில், டிஃப் கோப்பாக எடுங்கள். ஜேபெக் கோப்பு மெல்லிய கோடுகளைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல ஆக்கிவிடும்.

300 போதுமா என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 300-இல் ஒரு பிக்சல் என்பது தாளில் சுமார் 0.085 மில்லிமீட்டர். 1:50,000 அளவை கொண்ட வரைபடத்தில் அது தரையில் ஏறத்தாழ 4 மீட்டர். அச்சுக்கோட்டின் தடிமன் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலே தரையில் 10 மீட்டர் ஆகிவிடுகிறது. ஆகவே பெரும்பாலான வேலைக்கு 300 போதும். எழுத்துகள் பொடியாக இருந்தால் 600. ஏ0 தாளை 300-இல் வண்ணத்தில் எடுத்தால் சுருக்காத கோப்பு சுமார் 420 எம்பி, 600-இல் அதைப்போல நான்கு மடங்கு.

3. பூமியில் பொருத்துதல்

இதற்கு ஜியோரெஃபரென்சிங் என்று பெயர். லேயர் மெனுவில் ஜியோரெஃபரென்சரைத் திறந்து, ஸ்கேனை ஏற்றி, அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் சொடுக்கி, அவற்றின் ஆயத்தொலைவுகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். சாலைச் சந்திப்புகளையும் ஆற்று வளைவுகளையும் கட்டுப்பாட்டுப் புள்ளியாக எடுக்காதீர்கள். சாலை மாறும், ஆறும் நகரும்; கட்டக்கோடு நகராது.

தொடங்குமுன் தாளின் ஓரத்தில் புரொஜெக்ஷன் (உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் வரைந்த முறை), டேட்டம் (ஆயத்தொலைவுகளை அளக்க அடிப்படையாக வைத்த பூமி மாதிரி) என்ன என்று தேடுங்கள். பழைய வரைபடங்கள் பழைய டேட்டத்தில் இருக்கும். அதை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 டேட்டம் என்று எண்ணி ஏற்றினால் முழு வரைபடமும் பல பத்து மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரை தள்ளி உட்காரும். எல்லாமே ஒரே அளவில் தள்ளியிருப்பதால் கண்ணுக்குத் தவறு தெரியாது. முதலில் வரைபடத்தின் சொந்த டேட்டத்திலேயே பொருத்திவிட்டு, புதியதற்கு மாற்றும் வேலையைப் பிறகு மென்பொருளிடம் விடுங்கள்.

புள்ளிகள் எத்தனை வேண்டும்? எளிய முதல் படிப் பல்லுறுப்பு மாற்றத்துக்கு 3 புள்ளிகள் கட்டாயம். ஆனால் 3 மட்டும் கொடுத்தால் பிழை பூஜ்யம் என்றே திரை காட்டும். வரைபடம் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. சரிபார்க்க மிச்சப் புள்ளி ஒன்றுமில்லை என்றுதான் பொருள். நான்கு மூலைகளும் நடுப்பகுதியும் சேர்த்து 9 முதல் 16 வரை வைத்தால் பிழை எண் உண்மையைப் பேசும். 1:50,000 தாளில் சராசரிப் பிழை 10 மீட்டருக்குள் வந்தால் எனக்கு நிறைவு. ஒரு புள்ளி மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், பெரும்பாலும் எண்ணைத் தட்டச்சு செய்ததில்தான் கோளாறு. தாள் ஈரத்தில் நெளிந்திருந்தால் இரண்டாம் படிப் பல்லுறுப்பு மாற்றத்துக்குப் போகலாம். அதற்குக் குறைந்தது 6 புள்ளி.

4. கோடுகள், முதலில் கோடுகள்

இதுதான் வேலையின் நடுநாயகம். இரண்டு பாறை அலகுகள் சந்திக்கும் எல்லையை ஒரே ஒருமுறை கோடாக வரைய வேண்டும். பரப்புகளைத் தனித்தனியாகச் சுற்றி வரைந்தால் அதே எல்லையை இருமுறை வரைவீர்கள். இரண்டும் ஒருபோதும் ஒத்துப்போகாது. நடுவே ஊசி போன்ற இடைவெளிகளும் மேலேறல்களும் நூற்றுக்கணக்கில் முளைக்கும். அவற்றைத் துடைக்க ஆகும் நேரத்தில் இன்னொரு வரைபடத்தையே முடித்துவிடலாம்.

ஜியோபேக்கேஜ் கோப்பு ஒன்றை (பல லேயர்களையும் அட்டவணைகளையும் ஒன்றாக வைக்கும் தரவுக் கோப்பு) உருவாக்கி, அதில் ஒரு கோட்டு லேயரை, அதாவது கோடுகளுக்கான அடுக்கை, அமையுங்கள். எல்லைக்கோடுகளும் பிளவுகளும் ஒரே லேயரில்தான் இருக்க வேண்டும். இரண்டுமே பரப்புகளை அடைக்கின்றன. வரைபடத்தின் வெளிச்சட்டமும் ஏரிக்கரைகளும் இதிலேயே சேரும். புலங்கள், அதாவது அட்டவணையின் நெடுவரிசைகள், இவை: வகை, இருப்பு உறுதி, இடத் துல்லியம் மீட்டரில், மூலம். வகைகளைக் கையால் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே பிளவு வகைக்கு மூன்று எழுத்துக்கூட்டல்கள் வந்து சேரும்.

ஸ்னாப்பிங்கை இயக்குங்கள், கோட்டு முனைக்கும் கோட்டின் உடலுக்கும் ஒட்டுமாறு வையுங்கள். பிறகு திரையின் அளவையை 1:10,000 அளவில் நிறுத்திவிட்டு வரையுங்கள். இதற்கு மேல் பெரிதாக்கினால் மையின் பிசிறுகளைத்தான் பின்தொடர்வீர்கள், நிலவியலை அல்ல. வளைவில் நெருக்கமாகவும் நேர்ப்பகுதியில் அரிதாகவும் சொடுக்குங்கள். தொடர்கோடு இடைவிட்ட கோடாக மாறும் இடத்தில் கோட்டை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். மூலம் எழுதியவரின் தயக்கம் தரவில் தப்பிப் பிழைப்பது இந்த வெட்டில்தான்.

ஒரு சிக்கலான இடத்தை அருகில் பார்ப்போம். மேற்கிலிருந்து ஒரு பிளவு தொடர்கோடாக வருகிறது. ஆற்றங்கரை வண்டலைத் தொட்டதும் புள்ளிக்கோடாகிறது. மறுகரையில் மீண்டும் தொடர்கோடு. அதாவது பிளவு வண்டலுக்கு அடியில் போகிறது, வண்டலை வெட்டவில்லை. ஆகவே மூன்று துண்டுகளாக வரைய வேண்டும். நடுத்துண்டின் வகை ‘மறைந்தது’. இந்த நடுத்துண்டு வண்டல் பரப்பை இரண்டாகப் பிரிக்கக் கூடாது. இதை மறந்தால், பிளவு வண்டலுக்கும் பிந்தையது என்று உங்கள் தரவுத்தளம் சாதிக்கும். நில அதிர்வு ஆபத்தைக் கணக்கிடுபவருக்கு அது சிறிய பிழையல்ல.

பல்குறி உள்ள உந்துப் பிளவுகளில் (ஒரு பாறைத்தொகுதி இன்னொன்றின்மேல் ஏறிய பிளவுகள்) கோட்டின் திசையும் முக்கியம். மேலேறிய பாறைத்தொகுதி வலப்புறம் வருமாறு வரைவது வழக்கம். அப்போதுதான் குறியீடு தானாகவே சரியான பக்கம் பல் காட்டும்.

5. பரப்புகள் தாமாகப் பிறக்கும்

மறைந்த கோடுகளை வடிகட்டி நீக்கிவிட்டு, மற்றக் கோடுகளைச் சந்திப்புகளில் உடைத்து, புராசசிங் கருவிப்பெட்டியில் பாலிகனைஸ் கருவியை ஓட்டுங்கள். மூடிய வெளி ஒவ்வொன்றும் ஒரு பரப்பாகும். ஒரு பரப்பு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தால் எங்கோ ஒரு கோடு முட்டாமல் நின்றிருக்கிறது. தேடிப் பிடித்துத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

பெயர் சூட்ட, தனியாக ஒரு புள்ளி லேயரில், அச்சில் எழுத்துக்குறி உள்ள இடங்களில் எல்லாம் புள்ளி வைத்துக் குறியை உள்ளிட்டு, இட அடிப்படையில் இணைத்துவிடுங்கள். பிறகு இரண்டு சோதனைகள்: புள்ளியே இல்லாத பரப்பு எது, வெவ்வேறு குறிகொண்ட இரண்டு புள்ளிகள் விழுந்த பரப்பு எது. முன்னது பெரும்பாலும் அம்புக்குறியால் வெளியே பெயரிடப்பட்ட குட்டிப் பரப்பு. பின்னது விடுபட்ட எல்லைக்கோடு. இருபுறமும் ஒரே அலகு உள்ள எல்லைக்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிளவுக்கு அது இயல்பு. சாதாரண எல்லைக்கோட்டுக்கு அது பிழை.

6. சாய்வுக் குறிகள்

ஸ்ட்ரைக் (சாய்ந்த பாறைப் படுகையில் கிடைமட்டமாக ஓடும் கோட்டின் திசை), டிப் (படுகை சாயும் கோணம்) குறிகள் புள்ளிகளாக ஏறும். ஸ்ட்ரைக்கை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 0 முதல் 360 வரை அளந்து, வலக்கை விதிப்படி எழுதுங்கள்: ஸ்ட்ரைக் திசையைப் பார்த்து நின்றால் பாறை உங்கள் வலப்பக்கம் சாய வேண்டும். குறியின் நீண்ட கோடு 30 பாகையில் கிடந்து, பாறை தென்கிழக்கே சாய்ந்தால் 30. வடமேற்கே சாய்ந்தால் 210. டிப் தனிப் புலத்தில். எந்த விதி என்பதையும் தரவுத்தளத்திலேயே குறித்து வையுங்கள்.

7. ஒப்படைக்குமுன்

டோபாலஜி செக்கர் செருகுநிரலில் இடைவெளி, மேலேறல், தொங்கும் முனை (வேறு கோட்டில் முட்டாமல் நிற்கும் கோட்டு முனை) ஆகிய மூன்றையும் சோதியுங்கள். பிளவின் முனை சட்டென்று முடிந்து தொங்குவது பிழையல்ல. பிளவுகள் இயற்கையிலும் அப்படி முடிவதுண்டு.

புலப்பெயர்களை நீங்களாகவே கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்க நிலவியல் அளவாய்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ஜெம்ஸ் என்ற தர அமைப்பில் அட்டவணைகளும் புலங்களும் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. முழுவதையும் பின்பற்றாவிட்டாலும், உறுதியைச் சொல்லும் புலங்களையும் கலைச்சொல் அட்டவணையையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கோடுகளை மட்டும் மூல அளவையிலேயே ஒளிபுகும் தாளில் அச்சிட்டு அசல் வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். திரையில் ஒளிந்துகொண்ட விடுபடல்கள் இங்கே அகப்படும். பின்னர் மூல அட்டவணையில் வரைபடத்தின் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, அளவை, பொருத்தல் பிழை, உரிமை நிபந்தனை ஆகியவற்றை எழுதுங்கள். அளவையைக் கட்டாயம் எழுதுங்கள். 1:2,50,000 தாளிலிருந்து வந்த கோட்டை யாராவது ஒரு மனையின் எல்லைவரை பெரிதாக்கிப் பார்க்கும்போது, அவரைத் தடுத்து நிறுத்த அந்த ஒரு புலம் மட்டுமே அங்கே இருக்கும்.