புது ஃபர்னஸ் வாங்குவதற்கு முன்னால் பேஸ்மென்ட்டுக்கு ஒரு நடை

டொரான்டோ பக்கம் ஜனவரி மாத கேஸ் பில் வந்ததும் பலர் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குப் புது விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், முதலில் வீட்டில் இருப்பது எந்த ரகம் என்று பாருங்கள். புகை தகரக் குழாய் வழியாக சிம்னிக்குப் போனால் பழைய ரகம், எரிகிற கேஸில் 80 சதவீதம் போலத்தான் வீட்டுக்குள் சூடாக வரும். பிளாஸ்டிக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போய், அடியில் சின்ன டியூபில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தால் 90-க்கு மேல். புகையில் இருக்கிற நீராவியையும் தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். சரியான கணக்கு வேண்டுமா? சுவிட்சை அணைத்துவிட்டு முன்கதவைக் கழற்றுங்கள், உள்ளே தகட்டில் இன்புட் 80,000 பிடியூ (சூட்டை அளக்கும் அலகு), அவுட்புட் 64,000 என்று இருந்தால் அது 80 சதவீதம்.

அடுத்தது ஃபில்டர். மெல்லிய ஒரு இன்ச் ஃபில்டரைக் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியவில்லையென்றால் தூக்கிப் போட வேண்டியதுதான். அதன் ஓரத்தில் இருக்கும் அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்தபடி இருக்க வேண்டும். தூசி ஒன்றுகூட வரக்கூடாது என்று ரொம்ப அடர்த்தியான ஃபில்டரை அதே ஒரு இன்ச் இடத்தில் சொருகினால் காற்று திணறும், சூடு அதிகமாகி ஃபர்னஸ் அடிக்கடி தானே நின்றுவிடும்.

அப்புறம், ஆள் இல்லாத அறைகளில் சூடான காற்று வரும் வென்ட்டையெல்லாம் மூடி வைப்பது நம் வீடுகளில் சகஜம். இரண்டு மூன்றை மூடினால் மிச்சமாகும் என்று நினைக்கிறோம், ஆனால் அழுத்தம் ஏறி, காற்றைக் கொண்டுபோகும் டக்ட் குழாய் இணைப்புகளின் இடுக்கில் சூடான காற்று கசியும். அதைவிட அந்த இடுக்குகளை அலுமினியம் ஃபாயில் டேப்பால் ஒட்டுவது மேல் (துணி மாதிரி சாம்பல் நிற டேப் கொஞ்ச நாளில் காய்ந்து உரிந்துவிடும்). தூங்கும்போது தெர்மோஸ்டாட்டை 17, 18-க்கு இறக்கி, ஒரு போர்வை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பனி கொட்டிய மறுநாள் வெளிச்சுவர் பிளாஸ்டிக் குழாய்களின் வாய் அடைபட்டிருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் செய்தும் வாங்கத்தான் வேண்டுமென்றால், 2019 ஜூலைக்குப் பிறகு கனடாவில் வீடுகளுக்கென்று தயாராகும் கேஸ் ஃபர்னஸுக்குக் குறைந்தபட்சமே 95 சதவீதம், அதனால் 96-ஆ 97-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். முக்கியம் அளவுதான். வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்குப் போடாமல் "பழையது எவ்வளவோ அதே சைஸ்" என்கிறவரிடம் வாங்காதீர்கள். பெரிய ஃபர்னஸ் பத்தே நிமிடத்தில் சூடாக்கிவிட்டு நின்று, திரும்ப ஓடி, திரும்ப நிற்கும். வீட்டுக் கதவைத் தட்டி ஃபர்னஸ் விற்பது ஒன்டாரியோவில் 2018 மார்ச்சிலிருந்தே தடை, அப்படி யாராவது வந்தால் பேச்சே வேண்டாம். இன்னொன்று, வாட்டர் ஹீட்டரும் அதே சிம்னியில் புகை விட்டுக்கொண்டிருந்தால், பழைய ஃபர்னஸ் போனபின் சிம்னி ஹீட்டருக்கு மட்டும் பெரிதாகிவிடும், உள்ளே லைனர் (சிம்னிக்குள் இறக்கும் சின்னக் குழாய்) போட வேண்டி வரலாம். அந்தச் செலவும் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்.