கேம்பாய் மெட்டை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுவது எப்படி? எட்டு பாரில் முதல் பாடம்

நான் தொடக்கநிலை நான்கில் படித்தபோது அப்பா சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கேம்பாய் வாங்கித் தந்தார். கூடவே வந்தது டெட்ரிஸ். கட்டைகளை அடுக்கத் தெரிவதற்கு முன்பே அந்தப் பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கைக்காக பேண்டில் சேர்ந்து, கையில் கிளாரினெட் வந்ததும், அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து முதலில் ஊதிப் பார்த்தது அந்த மெட்டைத்தான். அன்றைக்குப் பிடித்த ஆசை இன்னும் விடவில்லை.

கேம் இசையை ஆர்கெஸ்ட்ராவில் கேட்பது புதிய விஷயமில்லை. டிராகன் குவெஸ்ட் இசையமைப்பாளர் கொய்ச்சி சுகியாமா 1987லேயே டோக்கியோவில் தன் கேம் இசையை மேடைக் கச்சேரியாக நடத்தினார். அப்புறம் ரசிகர்களே மெட்டுகளை எடுத்து மாற்றி எழுதத் தொடங்கினார்கள். அவற்றைத் திரட்டி வைக்கும் ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ் 1999லிருந்து இயங்குகிறது. அதே வேலையை வீவக வீட்டின் ஒரு மூலையில், சாதாரண மடிக்கணினியில், ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காமல் நீங்களும் செய்யலாம். ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறி) தெரியாவிட்டால் பரவாயில்லை. சரிகமபதநி தெரிந்தால் போதும், மீதியை மென்பொருள் பழக்கிவிடும்.

தேவையானவை: மியூஸ்ஸ்கோர் 4 (இசைக்குறி எழுதும் மென்பொருள்), அதற்கான மியூஸ் சவுண்ட்ஸ் ஒலித்தொகுப்பு (இரண்டும் இலவசம்), காதுக்கு இதமான ஒரு ஹெட்ஃபோன். இந்த வேலை பெரும்பாலும் இரவில்தான் நடக்கும், பக்கத்து வீட்டுக்காரர் தூங்க வேண்டும். அதனால் ஹெட்ஃபோன் கட்டாயம்.

படி 1: மெட்டு

முதல் முயற்சிக்கு நான் சொல்வது டெட்ரிஸ் மெட்டுதான். அது கேமுக்காகப் பிறந்த பாட்டில்லை. கொரோபெய்னிகி என்ற ரஷ்ய நாட்டுப்பாடல், 1861இல் நெக்ராசோவ் எழுதிய கவிதையிலிருந்து வந்தது. கூடை சுமந்து ஊர் ஊராகத் துணிமணி விற்கும் வியாபாரியைப் பற்றியது. 1989இல் கேம்பாய் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நாட்டுப்பாடல் என்பதால் மெட்டுக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. ஆனால் கேம்பாயில் வரும் பேஸும் (அடிக்குரலும்) இரண்டாவது குரலும் அந்த கேமுக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எடுக்காமல் நாமே எழுதிக்கொள்வோம். கற்றுக்கொள்ளவும் அதுதான் நல்லது.

படி 2: சிப் என்ன செய்கிறது என்று கேளுங்கள்

அவசரப்படாமல் இதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். கேம்பாயின் ஒலிச் சிப்பில் நான்கே சேனல், அதாவது நான்கே குரல்: இரண்டு பல்ஸ், ஒரு வேவ், ஒரு இரைச்சல். வேவ் சேனல் பெரும்பாலும் பேஸ் வாசிக்கும். அதற்கு ஒலி அளவு 0, 25, 50, 100 சதவீதம் என நான்கே நிலை. ஃபேமிகாமில் (நின்டெண்டோவின் பழைய கேம் கருவி) சேனல் ஐந்து, ஆனால் அதில் பேஸ் வாசிக்கும் முக்கோண அலைக்கு ஒலி அளவே கிடையாது: ஒன்று ஒலிக்கும், இல்லையென்றால் நிற்கும். மெல்ல எழுந்து மெல்ல அடங்கும் செல்லோவின் வேலையை அப்படிப்பட்ட ஒரு சேனலை வைத்து அந்த இசையமைப்பாளர்கள் ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

அதனால் பழைய கேம் இசையில் நிறைய விஷயம் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு சேனலில் மூன்று ஸ்வரங்கள் கிடுகிடுவென மாறி மாறி ஓடினால், அது மடித்து வைத்த ஒரு கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்). மூன்று குரல் ஒன்றாகப் பாட வேண்டியதை, ஒரே குரல் ஓடி ஓடிப் பாடுகிறது. மெட்டு ஒரு குரலில் வந்து, கொஞ்சம் தள்ளி அதே மெட்டு சத்தம் குறைந்து இன்னொரு சேனலில் வந்தால், அது மடித்து வைத்த ஒரு மண்டபம், அதாவது எதிரொலி. நம் முதல் வேலை இவற்றைப் பிரித்து விரிப்பது. புதிதாக எதையாவது சேர்ப்பது அதற்கு அப்புறம்தான். எனக்கு இது புரிய ஆறு வருடம் ஆனது. அதுவரை எல்லா வாத்தியத்தையும் எல்லா பாரிலும் (பார் என்பது ஒரு தாள அளவு) வாசிக்கவிட்டுக்கொண்டிருந்தேன். தேக்கா சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிற்பதுபோல இருக்கும்.

வேகமாகப் போகும் இடம் காதில் பிடிபடவில்லையென்றால், ஒலிக்கோப்பை ஆடாசிட்டியில் (ஒலியைத் திருத்தும் மென்பொருள்) திறந்து சேஞ்ச் டெம்போவில் பாதி வேகமாக்குங்கள். சுருதி மாறாது.

படி 3: மெட்டை எழுதுதல்

ஸ = மேற்கத்திய ஏ. ஒரு எழுத்து அரை அடி, காற்புள்ளி என்றால் நீட்டல். பாருக்கு எட்டு எண்ணிக்கை.

ப , ரி க ம , க ரி
ஸ , ஸ க ப , ம க
ரி , , க ம , ப ,
க , ஸ , ஸ , , ,

அடுத்த நான்கு பார்:

ம , , த ஸ் , நி த
ப , , க ப , ம க
ரி , ரி க ம , ப ,
க , ஸ , ஸ , , ,

(ஸ் என்றால் மேல் ஸ்தாயி.) கணினியைத் தொடுவதற்கு முன் கையில் தாளம் போட்டு வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். இது நடபைரவி ராகத்தின் ஸ்வரங்கள் என்று பாடகர்களுக்கு உடனே தெரிந்துவிடும். கமகம் வேண்டாம், ஸ்வரம் நேராக நிற்கட்டும். பாட வந்தபின் மியூஸ்ஸ்கோரில் நான்குக்கு நான்கு தாளம், நிமிடத்துக்கு 100 அடி வைத்து எழுதுங்கள். கேம்பாயில் இதைவிட வேகம், ஆனால் இப்போது நிதானமாகப் போகலாம்.

படி 4: கார்டு

முதல் நான்கு பாருக்கு இரண்டே கார்டு போதும். ஒன்றாவது, மூன்றாவது பாரில் இ மேஜர், அதாவது ப, நி, ரி. இரண்டாவது, நான்காவது பாரில் ஏ மைனர்: ஸ, க, ப. ஐந்தாவது பாருக்கு டி மைனர்: ம, த, ஸ. ஆறாவதில் மறுபடி ஏ மைனர், ஏழாவதில் இ மேஜர், எட்டாவதில் ஏ மைனர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு இடம் இருக்கிறது. மெட்டில் ஐந்தாவது பாரில் வரும் நி கைசிகி நிஷாதம், அதாவது கீழ் நி. ஆனால் இ மேஜர் கார்டுக்குள் இருக்கும் நி காகலி, அதாவது மேல் நி. பாட்டு நடபைரவியில் நடக்கிறது, கீழே கார்டு கீரவாணி ராகத்தின் பக்கம் இழுக்கிறது. அந்த இழுவையால்தான் மெட்டு ஒவ்வொரு முறையும் ஸ-வுக்கு வந்து சேரும்போது நமக்கும் ஒரு நிம்மதி வருகிறது. கார்டில் கைசிகி நி-யைப் போட்டுப் பாருங்கள், சப்பென்று ஆகிவிடும்.

படி 5: யாருக்கு என்ன வேலை

முதல் சுற்று, எட்டு பார். மெட்டை ஒரே ஒரு கிளாரினெட்டுக்குக் கொடுங்கள், ஒரு ஸ்தாயி இறக்கி. கிளாரினெட்டின் கீழ்க்குரல் மரத்தின் வாசம் அடிக்கும் குரல், வியாபாரி தனியாக நடந்து வருவதுபோல இருக்கும். கீழே செல்லோ விரலால் மீட்டி, ஒன்றாவது மூன்றாவது அடியில் கார்டின் அடிஸ்வரத்தை மட்டும் தொடட்டும். அவ்வளவுதான். மற்ற அறுபது பேரும் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். அந்த அமைதி இருந்தால்தான் அடுத்த சுற்று எடுபடும்.

இரண்டாவது சுற்றில் மெட்டு முதல் வயலின்களுக்குப் போகிறது, எழுதியிருக்கும் அதே ஸ்தாயியில். இப்போது செல்லோ வில்லை எடுத்து ஒரு எதிர்மெட்டு பாடட்டும். நான் எழுதியது இது:

நி , , , ரி , , ,
க , , , ஸ , , ,
நி , , , ரி , , ,
ஸ , , , , , , ,

(நி காகலி, ஸ-வுக்குக் கீழே இருப்பது.) மெட்டு ஓடும்போது இது நடக்கிறது.  ஒன்று பேசும்போது மற்றது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், நல்ல பாட்டும் வயலினும் கச்சேரியில் நடந்துகொள்வதுபோல. ஐந்தாவது பாரில் இரண்டு ஹார்ன்கள் உள்ளே வந்து டி மைனரை நீட்டிப் பிடிக்கட்டும், சன்னமாக. ஹார்ன் வந்துவிட்டது என்று கேட்பவருக்குத் தெரியவே கூடாது. திடீரென்று அறை பெரிதானதுபோல மட்டும் இருக்க வேண்டும்.

மூன்றாவது சுற்றில் எல்லாரையும் கூப்பிடலாம். டபுள் பேஸ், டிம்பனி, டிரம்பெட். இங்கேதான் என் அக்கா மகளிடம் பாடம் கற்றேன். அவள் பள்ளி பேண்டில் ஃபுளூட் வாசிப்பவள். திரையைப் பார்த்ததுமே சொன்னாள்:

“மாமா, இந்த இடத்துல ஃபுளூட் கேட்கவே கேட்காது.”

“ஏம்மா, கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே கேட்குது?”

“கம்ப்யூட்டர்ல நீங்க சத்தத்தை ஏத்தி வெச்சிருக்கீங்க. பக்கத்துல டிரம்பெட் ஊதுறப்ப நான் கீழ என்ன ஊதினாலும் எனக்கே கேட்காது. மேல தூக்குங்க.”

ஒரு ஸ்தாயி மேலே தூக்கினேன். பளிச்சென்று தெளிந்தது. ஃபுளூட்டின் கீழ்க்குரல் அழகானது, ஆனால் மென்மையானது. தனியாக இருக்கும்போது மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

எந்த வாத்தியம் எங்கே உட்கார்கிறது, எப்போது வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால், சிங்கப்பூர் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா பூமலையில் (பொட்டானிக் கார்டன்ஸ்) இலவசமாக வாசிக்கும் மாலைகளில் புல்வெளியில் பாய் விரித்து உட்காருங்கள். ஹார்ன் வாசிப்பவர்களை மட்டும் ஒரு மணி நேரம் கவனியுங்கள். எவ்வளவு நேரம் எண்ணிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள் என்று ஆச்சரியப்படுவீர்கள்.

படி 6: மூச்சு

சிப்புக்கு மூச்சு வாங்காது. மனிதருக்கு வாங்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

100 அடி வேகத்தில் எட்டு பார் சுமார் 19 விநாடி. மேலே எழுதியபடி விட்டால் கிளாரினெட் நடுவில் ஓரிடத்திலும் நிற்காமல் ஊத வேண்டும். முடியும், ஆனால் கேட்பவருக்கே மூச்சு முட்டும். நான்காவது பாரின் கடைசி ஸ-வைப் பாருங்கள். நான்கு எண்ணிக்கை நீட்டல். அதை மூன்றாகக் குறைத்து, நான்காவதில் ஓய்வுக் குறி போடுங்கள். அரை அடி மௌனம். இப்போது ஓட்டிக் கேளுங்கள். அதே ஒலித்தொகுப்பு, அதே ஸ்வரம். ஆனால் ஒரு ஆள் உள்ளே வந்து உட்கார்ந்ததுபோல இருக்கும்.

வயலினுக்கு மூச்சு என்பது வில். ஒரே வில்லில் எந்த ஸ்வரங்கள் சேர்ந்து வர வேண்டுமோ அவற்றின் மேல் ஸ்லர் வளைவு போடுங்கள். முதல் பாரில் ப தனி வில், ரி க ஒரு வில், ம தனி, க ரி ஒரு வில். பாடிக்கொண்டே போட்டால் வளைவு எங்கே வர வேண்டும் என்று தொண்டையே சொல்லும்.

படி 7: ஏற்ற இறக்கமும் மண்டபமும்

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஒலி அளவு எழுதுங்கள்: முதலாவது பியானோ (சன்னமாக), இரண்டாவது மெட்ஸோ ஃபோர்ட்டே (ஓரளவு உரக்க), மூன்றாவது ஃபோர்ட்டே (உரக்க). சுற்றுகளுக்கு நடுவே, சத்தம் மெல்ல ஏறுவதைக் காட்டும் கிரெசெண்டோ குறிகள். மியூஸ் சவுண்ட்ஸ் இவற்றைப் படித்து அதன்படி வாசிக்கும். மிக்சரில் எல்லாருக்கும் ஒரே ரிவெர்ப் (மண்டப எதிரொலி), அளவாக. ரிவெர்ப் அதிகமானால் செல்லோவின் எதிர்மெட்டு கரைந்துபோகும், அதுதான் சோதனை. அப்புறம் வேவ் கோப்பாக எடுத்து, எம்ஆர்டி பயணத்தில் மலிவான இயர்ஃபோனில் ஒருமுறை கேளுங்கள். அந்த இரைச்சலிலும் மெட்டு தெரிந்தால் சரி.

படி 8: ஒரு நிஜ வாத்தியம்

ஒரே ஒரு நிஜ வாத்தியத்தைச் சேர்த்தால் மொத்தமும் உயிர் பெறும். உங்கள் குடும்பத்தில் யாராவது பள்ளி பேண்டில் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு சமூக மன்ற அறையில் நான்கு நண்பர்களைக் கூட்டி என் முதல் தாள்களைக் கொடுத்தேன். மியூஸ்ஸ்கோரில் கான்சர்ட் பிட்ச் பொத்தானை (எல்லா வாத்தியத்துக்கும் ஒலிக்கும் சுருதியையே காட்டுவது) அணைக்காமல் அச்சிட்டிருந்தேன். பி ஃப்ளாட் கிளாரினெட்டில் எழுதியிருப்பதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழேதான் ஒலிக்கும், ஏ கேட்க வேண்டுமென்றால் தாளில் பி இருக்க வேண்டும். கிளாரினெட் வாசிப்பவனான எனக்கே அது அன்று உறைக்கவில்லை. முதல் பாரிலேயே எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். இரண்டு மணி நேர வாடகையில் பாதி, பென்சிலால் திருத்துவதிலேயே போனது. எழுதும்போது கான்சர்ட் பிட்ச் இருக்கட்டும், அச்சிடும் முன் அணைத்துவிடுங்கள்.

வீட்டில் பதிவு செய்வதானால் மின்விசிறியை நிறுத்துங்கள், துணி அலமாரியைத் திறந்து அதன் முன்னால் வாசிக்கச் சொல்லுங்கள். துணிகள் சுவர் எதிரொலியை விழுங்கிவிடும். வாசிப்பவர் ஹெட்ஃபோனில் உங்கள் ஆர்கெஸ்ட்ராவைக் கேட்டுக்கொண்டே வாசிக்கட்டும். அதை ஆடாசிட்டியில் சேர்த்து, கணினிக் கிளாரினெட்டை மௌனமாக்குங்கள்.

அடுத்து வேறொரு கேமின் மெட்டை எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஒரு இசையின் பதிப்புரிமை, இயற்றியவர் காலமாகி 70 ஆண்டு வரை நீடிக்கும். ஆக, கேமுக்கென்றே இயற்றிய மெட்டுகள் எல்லாமே இன்னும் உரிமைக்குள் இருப்பவை. பழக எழுதுங்கள், நண்பர்களோடு வாசியுங்கள். விற்பதற்கோ பொது மேடைக்கோ போகும்போது அனுமதி வாங்குங்கள். பதிவேற்றினால் இயற்றியவர் பெயரை முதல் வரியில் போடுங்கள், உங்கள் பெயர் அதற்குக் கீழே.

ஐந்து முதல் எட்டு பாருக்கான செல்லோ எதிர்மெட்டை வேண்டுமென்றே நான் எழுதாமல் விட்டிருக்கிறேன். டி மைனரில் த-வில் தொடங்கிப் பாருங்கள்.